நிஜாம் என்பவர்

கட்டுரையைப் படித்ததும் நிலோபருக்குச் சிரிப்புதான் வந்தது. செத்த வீட்டில் மைக்கைப் பிடித்துக்கொண்டு தன் பெருமையைப் பேசுகிறவனைப் பார்த்தால் வருமே, அந்தச் சிரிப்பு.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தனியார் கல்லூரியில் இதழியல் படிக்கிறாள் அவள். விரிவுரையாளர் கிஷன் ஒரு வேலை கொடுத்திருந்தார். இணையக் கலைக்களஞ்சியத்தில் ஆளாளுக்கு எழுதிவைத்திருக்கும் தமிழ்க் கட்டுரைகளில் படுமோசமான ஒன்றைப் பிடிக்க வேண்டும், குறையைச் சொல்ல வேண்டும், திருத்த வேண்டும். மற்ற பிள்ளைகள் நாசி லெமாக் சோறு, பத்துமலை என்று வம்பில்லாத பக்கம் போய்விட்டார்கள். நிலோபர் எடுத்தது ஸ்ரீ கெம்பாங்கான் மெத்தைத் தொழிற்சாலைத் தீ விபத்து. செத்தது நாலு பேர். அதில் ஒருவர் அவளுடைய வாப்பா நிஜாம். அப்போது அவள் சின்னப் பிள்ளை. இதை அவள் கிஷனிடம்கூட மூச்சு விடவில்லை. கட்டுரையில் வாப்பா பேரை ஏற்றிவிட வேண்டும், அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கட்டுரை என்ன சொன்னது? "நான்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் மாண்டனர்." தீர்ந்தது கதை. நாகூரிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து, கிள்ளான் பெண்ணைக் கட்டி, இங்கேயே உழைத்து ஓடாய்த் தேய்ந்த மனுஷன் வெறும் நாலில் ஒன்று. அதற்குக் கீழேதான் கூத்தே. "சமூகச் செம்மல், அன்னதான வள்ளல், உயர்திரு வேலாயுதம் அவர்கள் செய்தி கேட்டு உள்ளம் துடித்தார்." துடித்த உள்ளம் எந்தக் காரில் வந்தது, யார் யார் கூட வந்தார்கள், யார் மாலை போட்டார்கள், எல்லாம் பத்தி பத்தியாக. எரிந்தது தொழிற்சாலையா, இந்த ஆளுடைய மணிவிழாப் பந்தலா என்றே சந்தேகம் வந்துவிடும். பின்கதவு ஏன் பூட்டிக் கிடந்தது என்பதற்கு மட்டும் ஒரு வரி கிடையாது.

வேலாயுதம் பிரிக்பீல்ட்ஸில் பாத்திரக்கடை முதலாளி. சுல்தான் கொடுக்கும் டத்தோ பட்டம் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று வாயைப் பிளந்துகொண்டு காத்திருப்பவர். அதுவரைக்கும் கை சும்மா இருக்குமா? தனக்குத் தானே நாலைந்து பட்டம் சூட்டிக்கொண்டார். அடிக்குறிப்பைப் பார்த்தால், கட்டுரையில் இருந்ததெல்லாம் அவருடைய மணிவிழா மலரிலிருந்து எடுத்தது. காசு போட்டு அச்சடித்தவர் அவர், முழுசாகப் படித்தவரும் அநேகமாக அவராகத்தான் இருக்கும்.

கட்டுரையைப் பற்றி வாதாடுவதற்கென்று இருக்கும் பேச்சுப் பக்கத்தில் நிலோபர் வெட்டு ஒன்று துண்டு ரெண்டாக எழுதினாள்: "தன்னைத் தானே புகழ்ந்து அச்சடித்துக்கொண்ட மலர் எதற்கும் சான்று ஆகாது. அதை நம்பி எழுதிய அத்தனையையும் நீக்க வேண்டும்." எழுதிய கையோடு எல்லாவற்றையும் வெட்டியும் எறிந்தாள்.

கிஷனுக்கு ஒரே சந்தோஷம். "செம லா நிலோபர்! சான்று இல்லன்னா தூக்கு. யாரு பேரா இருந்தாலும் தூக்கு."

'உண்மைவிளம்பி' என்று ஒருவர் வந்து வெட்டியதையெல்லாம் திரும்ப ஒட்டினார். பேர்தான் உண்மைவிளம்பி. "எங்கள் ஐயா" என்று வாய் தவறியதிலேயே அது வேலாயுதத்தின் கையாள் என்று அப்பட்டமாகத் தெரிந்தது. மூத்த தொகுப்பாளர் இராமலிங்கம் பஞ்சாயத்துக்கு வந்தார், நிலோபர் சொன்னதே சரி என்றார், மலரைச் சான்றாக ஏற்கக் கூடாது என்று தீர்ப்பும் எழுதினார். அன்றைக்கு முழுக்க நிலோபரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

மறுநாள் அவள் ஒரே ஒரு வரி சேர்த்தாள்: "மாண்டவர்களுள் ஒருவர் நிஜாம்." கொஞ்ச நேரத்தில் அது காணாமல் போனது. தூக்கியவர் அதே இராமலிங்கம். "சான்று?" என்று ஒற்றைச் சொல்.

பழைய பத்திரிகைகளைத் தேடினாள். எல்லாவற்றிலும் அதே நாலு வெளிநாட்டுத் தொழிலாளர்கள். வேறு வழியில்லாமல், "நான் அவருடைய மகள்" என்று எழுதினாள்.

"ஆழ்ந்த அனுதாபங்கள். ஆனால் மகள் சொல்வது சான்று ஆகாது. அச்சில் வந்தது ஏதாவது இருக்கிறதா?"

அனுதாபத்துக்கு மட்டும் சான்று தேவையில்லை போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் வீட்டில் அவள் உம்மா சல்மாவிடம் கேட்டாள். "வாப்பா பேரு எங்கயாச்சும் அச்சுல வந்திருக்கா உம்மா?"

"வராம என்ன?" சல்மா அலமாரியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துவந்தாள். உள்ளே வேலாயுதத்தின் மணிவிழா மலர், பளபளவென்று.

நிலோபருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பக்கம் முழுக்கப் படம். வேலாயுதம் பல்லைக் காட்டிக்கொண்டு அரிசி மூட்டையை நீட்டுகிறார். உம்மா தலை குனிந்து வாங்குகிறாள். மூட்டைக்குப் பின்னால் பாதி முகமாகத் தெரியும் பிள்ளை நிலோபர். கீழே, "தீ விபத்தில் மாண்ட நிஜாம் என்பவரின் குடும்பத்தாருக்கு வள்ளல் அவர்கள் அரிசி வழங்கியபோது." அவருக்கு 'அவர்கள்'. வாப்பாவுக்கு 'என்பவர்'.

"போட்டோ சரியா வரலன்னு மூட்டைய பிடுங்கி மறுபடியும் குடுத்தாருடி. ஒரு மூட்டைக்கு ரெண்டு தரம் கை நீட்டுனேன்."

"இதப் போயா பத்திரமா வச்சிருக்கீங்க?"

"வேற எதுலடி உன் வாப்பா பேரு இருக்கு?"

எதற்கும் ஆகாது என்று அவளே எழுதிய மலர். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு இராமலிங்கத்திடம் போய் நின்றாள். அவர் தன் தீர்ப்பைக் கொஞ்சம் தளர்த்தி விதியை எடுத்துப் போட்டார். ஒருவர் தானே அச்சடித்துக்கொண்டது, அவர் என்ன செய்தார் என்பதற்கு மட்டும் செல்லும், மற்ற எதற்கும் செல்லாது. வேலாயுதம் யாருக்கு அரிசி கொடுத்தார் என்று எழுதலாம். நிஜாம் என்று ஒருவர் செத்தார் எனத் தனியாக எழுதக் கூடாது.

அவள் அந்த வரியைத் தன் கையாலேயே தட்டினாள். 'என்பவர்' போடாமல்தான் தட்டினாள். நிஜாம் யாரென்று வாசகருக்குத் தெரியாதே என்று இராமலிங்கம் அதையும் சேர்த்துவிட்டார். உண்மைவிளம்பி, "நன்றி சகோதரி" என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

"பேரு வந்துருச்சா?" என்றாள் சல்மா.

"வந்துருச்சு உம்மா."

"எங்க, வாசி."

"நிஜாம்."

"அதுக்கு முன்னாடி, பின்னாடி?"

"ஒண்ணுமில்ல. பேருதான்."

சல்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைப்பேசியை வாங்கினாள். எழுத்துக்கூட்டி மெல்ல வாசித்தாள். "வேலாயுதம், இவ்விபத்தில் மாண்ட நிஜாம் என்பவரின் குடும்பத்துக்கு அரிசி வழங்கினார்."

கைப்பேசியை மகள் மடியில் போட்டாள்.

"சீ! இங்கயும் அந்த மூட்டையத் தூக்கிக்கிட்டு வந்துட்டானா!"