சனிக்கிழமை எண்ணெயும் ஐஸ்பாக் தண்ணீரும்

கணேசலிங்கம் மியூனிக்கில் ஓர் உணவகத்தில் சமையல்காரர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. நகரப் பூங்காவுக்குள் ஓடும் ஐஸ்பாக் ஆற்றில், ஒரே இடத்தில் எழும்பி நிற்கும் அலையின்மேல் பலகை போட்டுச் சறுக்குவது அவருடைய பைத்தியம். உடன் வேலை செய்த ஜெர்மன்காரன் ஒருநாள் விளையாட்டாகப் பலகையைக் கையில் கொடுத்தான். அன்று பிடித்ததை இருபது வருடமாய் விடவில்லை. பனி கொட்டினாலும் போவார். தமிழ்ச் சனம் வாயைப் பிளந்தது; மனைவி கமலநாயகி தலையில் அடித்துக்கொண்டாள்.

சில வருடமாக அவருக்குக் காது அடைத்து வலித்தது. வைத்தியத்தைக் கமலநாயகி தன் கையில் எடுத்தாள். சனி முழுக்குக்கு முன், உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை இளஞ்சூட்டில் காதில் விடுவாள். அவர் அவள் மடியில் தலை வைத்துக் கிடப்பார். அவள் அவர் தலையைக் கோதிவிட்டது அந்தக் கொஞ்சப் பொழுதில் மட்டும்தான். நம்மவர்களுக்கு அன்பைக் காட்டவும் ஒரு நோய் சாட்டாக வேண்டியிருக்கிறது.

காது கேட்பதும் குறைந்தபோது அவளே நாள் நேரம் குறித்து டெர்மின் எடுத்து டாக்டரிடம் இழுத்துப் போனாள். குளிர்ந்த தண்ணீர் பட்டுப்பட்டுக் காதுக்குழாயில் எலும்பு வளர்ந்து வழியைக் குறுக்கிவிட்டது என்றார் டாக்டர். அறுவைச் சிகிச்சை செய்து ஆறிய பிறகு, காதை அடைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கலாம். ஆனால் எண்ணெய் இனிக் கூடவே கூடாது. எலும்புக்குப் பின்னால் தேங்கி உள்ளே புண்ணாக்கியிருக்கிறது.

ஆற்றில் சறுக்குவது பறிபோகவில்லை. ஆனாலும் கணேசலிங்கத்தின் முகம் தொங்கிப்போயிருந்தது. திரும்பும் ரயிலில் கமலநாயகி அவர் காதோரம் குனிந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"நான்தானே உங்கட காதைப் பழுதாக்கினனான்."

"இல்லையப்பா. எண்ணெய் விட்டா நோவு கூடுறது எனக்கு முதலே தெரியும்."

"பிறகேன் சொல்லேல்லை?"

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொன்னா, பிறகு நீர் ஏன் என்னை மடியில படுக்க விடப்போறீர்?"

கமலநாயகிக்கு முதலில் கோபம்தான் வந்தது. இந்த மனுசன் இதற்காகவா வலியைத் தின்றுகொண்டு கிடந்தார் என்று நினைத்ததும் நெஞ்சு கரைந்துவிட்டது. பெட்டி நிறைய ஆட்கள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து வெளியில் அவர் கையைப் பிடித்துக்கூட நடந்தறியாதவள், அவர் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்தாள்.

"ஆக்கள் பாக்கினம்," என்றார் அவர்.

"பாக்கட்டும்," என்று அவர் தலைமயிருக்குள் விரலை விட்டாள் கமலநாயகி.