புறாத் தூசு என்றே நினைத்தேன்

புறா வளர்ப்பவர்களில் இருமாதவர் கிடையாது. கூண்டைக் கூட்டும்போது எச்சத் தூசும் இறகுப் பொடியும் மூக்கில் ஏறும். நாலு இருமல், ஒரு டம்ளர் வெந்நீர், அவ்வளவுதான். அதனால் இருமல் என்னை விடாமல் பிடித்தபோது நான் பயப்படவில்லை.

அதியமான்கோட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். மொட்டைமாடியில் முப்பத்திரண்டு ஹோமர்கள் (எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீடு திரும்பும் பந்தயப் புறாக்கள்). மாவட்டத்தில் இந்தக் கிறுக்கு பிடித்தவர்கள் ஐந்தாறு பேர் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை கூடைகளோடு எங்காவது போய்ப் பறக்கவிட்டு, எவன் புறா முதலில் வந்தது என்று சண்டை போடுவோம். பொம்மிடி பழனி என்னைவிடப் பத்து வயது சின்னவன். ஆனால் புறா விஷயத்தில் அவன் சொன்னால் எங்களுக்கு மறுபேச்சில்லை.

"தூசுதாண்ணா. மூஞ்சிக்குத் துணி கட்டிக்கிட்டுக் கூட்டுங்க, சரியாப்போயிரும்" என்றான்.

எட்டு மாதம் துணி கட்டிக்கொண்டு கூட்டினேன். துணியில் ரத்தம் பட்ட பிறகுதான் சேலத்துக்குப் போனேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு பயாப்சி (ஊசியால் சிறு சதை எடுத்துச் சோதிப்பது). நுரையீரல் புற்றுநோய், நான்காம் கட்டம். கல்லீரலுக்கும் முதுகெலும்புக்கும் பரவியிருந்தது. நான் பீடி சிகரெட் தொட்டதில்லை. அதைச் சொன்னால் ஏதாவது தள்ளுபடி கிடைக்கும் என்பதுபோல டாக்டரிடம் இரண்டு முறை சொன்னேன்.

"எவ்ளோ நாளுங்க?" என்று என் மனைவி கமலாதான் கேட்டாள்.

"மாசக்கணக்குல பேசலாம்மா. வருசக்கணக்குல பேச முடியாதுங்க."

கீமோதெரபி (புற்றணுக்களைக் கொல்லும் மருந்தை நரம்பில் ஏற்றுவது) தொடங்கும் முன் டாக்டர் இன்னொன்றும் சொன்னார். ரத்தத்தில் வெள்ளையணு குறையும், புறா எச்சத்துப் பூஞ்சை நுரையீரலில் தங்கினால் தாங்க மாட்டீர்கள், புறாக்கள் வீட்டில் இருக்கக்கூடாது என்றார்.

வளர்ந்த ஹோமரை வேறு வீட்டுக்குப் பழக்க முடியாது. என்றைக்குத் திறந்துவிட்டாலும் பழைய கூண்டுக்கே வந்து நிற்கும். எடுத்துப் போகிறவன் ஆயுளுக்கும் அதைக் கம்பி வலைக்குள்தான் வைத்திருக்க வேண்டும். இது தெரிந்தே பழனி முப்பத்திரண்டையும் கூடையில் ஏற்றினான். ஏற்றி முடித்ததும் வாசலில் உட்கார்ந்து அழுதான்.

"நாந்தாண்ணா தூசுன்னு சொன்னேன்."

ஆமாம், நீதான் சொன்னாய் என்று நினைத்தேன். ஒரு மாதம் அவனை மனதார வெறுத்தேன். பிறகுதான், இதே வைத்தியத்தை நானே இரண்டு பேருக்குச் சொல்லியிருக்கிறேன் என்று நினைவு வந்தது. அவர்களுக்குப் போன் செய்து நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொன்னேன். இதைப் படிப்பவருக்கும் அதையே சொல்கிறேன். மூன்று வாரத்துக்கு மேல் இருமினால், காரணம் தெரியும் என்று நினைக்காதீர்கள்.

சிகிச்சை நாட்களில் நண்பர்கள் முறை வைத்து என்னோடு சேலம் வந்தார்கள். மருந்து ஏறும் ஐந்து மணி நேரமும் புறா வம்சம் பேசினார்கள். நன்றிதான். ஆனால் அவர்கள் அடுத்த பந்தயம் பற்றிப் பேசும்போதெல்லாம் எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. கையில் ஊசி, எங்கே போவது?

நான்காவது சுற்றுக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தது. இனி மருந்து உடம்பைத்தான் தின்னும், வலிக்கு மட்டும் பார்க்கலாம் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் பழனியைப் போனில் கூப்பிட்டேன்.

"மருந்த நிறுத்திட்டாங்கடா. இனி தூசு பட்டா என்ன? கூண்டைத் தொறந்து வுடு. வூட்டுக்கு வரட்டும்."

"தொறக்கறேண்ணா. அரை மணி நேரத்துல எல்லாப் புறாவும் அங்க வந்துரும்." பிறகு மெல்லக் கேட்டான். "அப்புறம்?"

அப்புறம் என்றால் எனக்கு அப்புறம். திரும்ப ஒருமுறை பிடித்து அடைக்க வேண்டும். அடைபடாதவை ஆளில்லாத மாடியில் தீனிக்கு வந்து நிற்கும். கமலா இப்போது புறாவைக் கண்டாலே கதவைச் சாத்துகிறாள்.

"தொறக்காத" என்றேன். சொல்லிவிட்டு, யாருக்கும் கேட்காதபடி தலையணையில் முகத்தை வைத்துக் கத்தினேன்.

இப்போது படுத்தால் மூச்சு நிற்கிறது. உட்கார்ந்தே தூங்குகிறேன். உடம்பு நான் குடியிருந்த இடமாகத் தெரியவில்லை, நான் தூக்கிச் சுமக்கும் ஏதோ ஒன்றாக இருக்கிறது. காலண்டர் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

நேற்று பழனி வந்து, என் ஜோடி ஒன்று அவன் வீட்டில் முட்டை வைத்திருக்கிறது என்றான். பதினெட்டு நாளில் பொரிக்கும். அதுவரை இருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். இன்னொரு மாதம் போனால் குஞ்சுகள் பறக்கும். அவற்றை அடைத்து வைக்க வேண்டியதில்லை, வெளியே விடலாம். எங்கே கொண்டுபோய் விட்டாலும் பொம்மிடியில் பழனி வீட்டுக்கே திரும்பும். என் வீடு அவற்றுக்குத் தெரியாது.