மூடாத கை

விம்கோ நகர்ப் பக்கம் ஒரு டயாலிசிஸ் சென்டர். எனக்கு அடுத்த கட்டில் ஒரு தாத்தாவுடையது. துறைமுகத்தில் கிரேன்காரருக்குச் சைகை காட்டியவர். ஆயா கட்டிலின் கைப்பிடியைச் சுற்றித் தலைமாட்டை உயர்த்தும்போதும் அதே பழக்கம்தான்: விரலைச் சுழற்றினால் ஏற்றணும், கையை மூடினால் நிறுத்தணும்.

ஒருநாள் விரல் சுழன்றுகொண்டே இருந்தது. கை மூடட்டும் என்று ஆயாவும் சுற்றிக்கொண்டே இருக்க, அவர் இரண்டாக மடங்கிப் போனார். எல்லோரும் சிரித்தோம்.

அவர் மனைவி மட்டும் கேட்டார்: "ரத்தம் கம்மியா கீதுன்னு ரிப்போர்ட்ல போட்டுகீதே, அதனாலதான் இப்பிடி மறந்து மறந்து பூடுறாரா?"

"வயசானா அப்படித்தாம்மா" என்றார் நர்ஸ்.

நான்கு மாதம் இதே பதில். கிட்னி கெட்டால் ரத்தம் ஊறாது என்பது அங்கே தெரியாத சங்கதியா? வயசு என்று சொல்லிவிட்டால் ரத்தம் ஊறப் போடும் ஊசி மிச்சம், யோசனையும் மிச்சம்.

புதிதாக வந்த டாக்டர்தான் ரிப்போர்ட்டைப் படித்தார். ஊசி போட்டார்கள், இரும்புச்சத்தும் ஏற்றினார்கள். சில வாரம் கழித்து, சரியான உயரத்தில் அவர் கை மூடியது.

"தாத்தா தேறிட்டாரே!" என்றார் நர்ஸ்.

"இன்னாம்மா, எனுக்கு வயசு கொறஞ்சி பூட்ச்சா?" என்று கேட்டார் அவர்.

நர்ஸ் ரிப்போர்ட்டைப் புரட்டத் தொடங்கினார். அன்று சிரித்த நானும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.