பொழியோடு நின்ற மழை

எப்போதும்வென்றானுக்குக் கிழக்கே ஒரு கரிசல் ஊரில் சங்கிலிப்பாண்டி என்றொருவர் இருக்கிறார். வயது ஐம்பத்தாறு. நாலு ஏக்கர் மானாவாரிப் பிஞ்சை, இருபது ஆடு, தங்கமாரி என்ற மனைவி, தீராத வயிற்றெரிச்சல் ஒன்று. எரிச்சலுக்கு மருந்து கிடையாது, பெயர் உண்டு. பெருமாள்சாமி. பக்கத்துப் பிஞ்சைக்காரர், தங்கமாரியின் கூடப்பிறந்த அண்ணன். அவர் வீட்டு முருங்கை காய்த்தால் இவருக்குச் சோறு இறங்காது.

பங்குனிக் கடைசியில் ஒரு கோடை மழை பெய்தது. பெருமாள்சாமி பிஞ்சையை நன்றாக நனைத்துவிட்டு, இரண்டு பிஞ்சைக்கும் நடுவிலிருந்த பொழி மேட்டில் வந்து நின்றுகொண்டது. இந்தப் பக்கம் ஒரு பொட்டு இல்லை.

"மழைக்கும் ஒங்கண்ணன்தான் வேணும்போல."

"எங்கண்ணனா போயி மேகத்தக் கூட்டியாந்தான்? ஆட்ட அவுத்துவிடுங்க" என்றாள் தங்கமாரி.

வேறு சமயமென்றால் நாலு நாள் முணுமுணுத்து ஓய்ந்திருப்பார். வந்தது சித்திரை. சித்திரை முதல் நாள் அந்த ஊரில் பொன்னேர் கட்டுவார்கள். காளைகளும் டிராக்டர்களும் மாலை போட்டுக்கொண்டு ஒரே பிஞ்சையில் இறங்கி, வருஷத்தின் முதல் உழவை உழும். பெண்கள் விதை தூவுவார்கள். எந்தத் திசை என்று பஞ்சாங்கம் சொல்லும். அந்தத் திசையில் ஈரமுள்ள பிஞ்சை எது என்று ஊர்ப் பெரியவர் ஆறுமுகசாமி பார்த்துச் சொல்வார். பிஞ்சைக்காரருக்குத் தலைப்பாகை கட்டுவார்கள். சங்கிலிப்பாண்டியின் தலை இருபத்தெட்டு வருஷமாகக் காலியாகவே காத்திருந்தது.

இந்த வருஷம் வடகிழக்கு. அங்கே இருப்பது இவர்கள் இரண்டு பேர் பிஞ்சைதான்.

"விடிஞ்சதும் ரெண்டையும் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றார் ஆறுமுகசாமி.

விடியட்டும் என்று காத்திருக்க சங்கிலிப்பாண்டி என்ன லேசுப்பட்டவரா? கோழி கூவும்போதே செல்வகணேஷ் ஓட்டிவந்த வாடகைத் தண்ணி லாரி அவர் பிஞ்சைக்குள் நின்றது.

"அண்ணாச்சி, எதுக்கு வெறும் பிஞ்சைக்குத் தண்ணி?"

"தொறந்து விடுலே. மழ பேஞ்ச மாதிரி இருக்கணும்."

வெடித்துக் கிடந்த கரிசல் மடக்மடக்கென்று குடித்தது. லாரி பாதி காலியானபோது பின்சக்கரம் மெல்லக் குனிந்தது. பிறகு உட்கார்ந்தது. ஈரக் கரிசலில் வண்டி இறங்கினால் ஏறாது என்று அந்த ஊரில் தவழும் பிள்ளைக்கும் தெரியும். சங்கிலிப்பாண்டிக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அவர் கண்ணில் தலைப்பாகை தவிர வேறொன்றும் படவில்லை.

சூரியன் வந்தது. கூடவே கொட்டும் மாலையுமாக ஊரும் வந்தது.

ஆறுமுகசாமி லாரியைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார், முழங்கால்வரை கறுத்துப்போயிருந்த சங்கிலிப்பாண்டியைப் பார்த்தார். "ஏம்ப்பா, மழ லாரியிலயா வந்துச்சு?"

ஊரே சிரித்தது. பெருமாள்சாமிதான் முதலில் வேட்டியை மடித்துக் கட்டினார். "எல்லாரும் நின்னு பாக்கியளே! மச்சான் வண்டிய இழுக்க வேண்டாமா? மாட்டக் கொண்டாங்கலே." மாலை போட்ட காளைகளும், சந்தனம் பூசிய டிராக்டர்களும் ஒன்று பாக்கியில்லாமல் சங்கிலிப்பாண்டியின் பிஞ்சையில் இறங்கின. இருபத்தெட்டு வருஷ ஆசை, நடந்த விதத்தைப் பாருங்கள். லாரி ஏறியதும் அத்தனை ஏரும் பொழியைத் தாண்டிப் போய்விட்டன. தலைப்பாகை பெருமாள்சாமிக்கு. அது அவருக்குப் பாந்தமாக வேறு இருந்து தொலைத்தது.

தங்கமாரி மட்டும் தன் பங்கு கம்பு விதையில் ஒரு கைப்பிடியை லாரித்தடத்தில் வீசிவிட்டுப் போனாள்.

பத்து நாள் சங்கிலிப்பாண்டி பிஞ்சைப் பக்கமே போகவில்லை. பதினோராம் நாள் ஆடு தேடிப் போனவர் பொழியருகே நின்றுவிட்டார். பெருமாள்சாமி அங்கே குந்தியிருந்தார். அவர் பிஞ்சையில் தூவியதைப் புறா பொறுக்கியிருந்தது; மிச்சம் வெயிலில் கருகிவிட்டது. இந்தப் பக்கம், ஆழமாகத் தண்ணி குடித்த இரண்டு லாரித்தடத்திலும் கம்பு வரிசை பிடித்து முளைத்திருந்தது. சுற்றிலும் கறுப்பு, நடுவே இரண்டே இரண்டு பச்சைக் கோடு.

"நல்லா வந்திருக்கு மச்சான்" என்றார் பெருமாள்சாமி. சொன்ன வாய் சிரித்தது. கண் சிரிக்கவில்லை. அந்தக் கண்ணைச் சங்கிலிப்பாண்டிக்குத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்ப்பதுதான்.

உச்சி வெயில். தலையில் துண்டுகூட இல்லை. ஆட்டை மறந்துவிட்டு, மச்சானுக்குப் பக்கத்திலேயே வசதியாக உட்கார்ந்துகொண்டார் சங்கிலிப்பாண்டி.

"இன்னும் கொஞ்ச நேரம் பாருங்க மச்சான். என்ன அவசரம்?"