கஞ்சி போட்ட துண்டுகள்

சித்தியின் சலவைக்கூடத்தில், வாசல் சுவரில் ஒரு பலகை இருந்தது. அதில் வரிசையாக ஆணிகள். துவைப்பவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறக் கயிறு; தாங்கள் துவைத்த துணியை அந்தக் கயிற்றால்தான் கட்டி அனுப்ப வேண்டும். புகாரோடு திரும்பி வரும் கட்டின் கயிறு ஒரு வாரம் ஆணியில் தொங்கும். காலையில் டீ டம்ளரோடு உள்ளே வரும் யாரும் அதைப் பார்க்காமல் தாண்ட முடியாது.

சித்தி இதை நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்தார். இதே கூடத்தில் இஸ்திரி மேசையில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். பழைய முதலாளி வாயைத் திறந்தால் நீராவிக் குழாயே அடங்கிவிடும். யார் செய்த தப்பானாலும் திட்டு எதிரில் நிற்பவருக்கு. சித்தி பல வருஷம் அப்படி எதிரில் நின்றவர். முதலாளி வயதாகி ஒதுங்க, கூடத்தைத் துணிந்து எடுத்து நடத்தத் தொடங்கிய நாளிலேயே சொல்லிவிட்டார்: "நான் யாரையும் திட்ட மாட்டேன். கயிறு பேசட்டும்."

நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வீடு திரும்பி, ஒரே இடத்தில் உட்கார முடியாமல் தவித்துக்கொண்டிருந்தேன். சித்தி வேன் சாவியைக் கையில் கொடுத்தார். "உனக்குச் சுத்தணும், அவ்வளவுதானே? சுத்து. துணியும் போய்ச் சேரும்."

கூடத்தின் பாதி வேலை ஒரே ஹோட்டலிலிருந்து வந்தது. அங்கே அறைகளைக் கவனிக்கும் மேடம் ஒருநாள் காலை போனில் கூப்பிட்டார். சித்தியை வேனில் ஏற்றிக்கொண்டு போனேன்.

மேடம் ஒரு குளியல் துண்டை நுனியில் பிடித்துத் தூக்கினார். அது தொங்கவில்லை. பலகை மாதிரி விறைத்து நின்றது.

"இது துண்டா, அட்டையா? முகம் துடைச்சவர் சொல்றார், ஷேவ் பண்ணின மாதிரி இருக்காம்."

கஞ்சி! மேசை விரிப்புக்குப் போட வேண்டியது குளியல் துண்டில் இறங்கியிருந்தது. எனக்குச் சிரிப்பு முட்டியது. சித்தியின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். இரண்டு மாடிக்கான துண்டுகளும் இப்படித்தான். சாயங்காலம் ஒரு பெரிய கூட்டம் வந்து தங்கப் போகிறது.

மேடம் அவிழ்த்துப் போட்டிருந்த நீலக் கயிற்றைக் காட்டினார். "உங்க கயிறு கதை எனக்கும் தெரியும். இது யாரோ, அந்த ஆளை அனுப்பிடுங்க. அப்புறம் பேசலாம்."

நீலம், துவைப்பவர்களில் ஒருவரான ரேடியோவுடையது. பேச்சை நிறுத்தத் தெரியாததால் வந்த பெயர்.

சித்தி கயிற்றை எடுத்துச் சுருட்டிக் கைப்பையில் போட்டார். "கயிறு யாரோடதா இருந்தா என்ன மேடம், கடை என்னோடது. கூட்டம் வர்றதுக்குள்ள எல்லாம் பூ மாதிரி வந்துடும்."

"வரலைன்னா நாளையிலிருந்து வேற இடம் பார்த்துக்குவேன்."

துண்டுகளை எல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். கூடத்துக்குள் நுழைந்ததும் சித்தி ரேடியோவிடம் போனார்.

"தம்பி, துண்டுல கஞ்சி ஏறினது எப்போ தெரிஞ்சுது?"

ரேடியோ தரையைப் பார்த்தார். "டிரையர்லருந்து எடுக்கும்போதே தெரிஞ்சுதுக்கா. விரிப்பு போட்டுட்டு மெஷினை மாத்தாம விட்டுட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

ரேடியோ பேசாமல் நின்று நான் பார்த்ததில்லை.

துணி மடிக்கும் மேசையிலிருந்து மிளகாய் குரல் கொடுத்தார். அந்த வாய்க்கு வேறு பெயர் பொருந்தாது. "எப்படிச் சொல்லுவாரு? சொன்னா ஆணியில தொங்கணும். மடிக்கும்போது எனக்குந்தான் தெரிஞ்சுது. முறத்தை மடிக்கிற மாதிரி இருந்துச்சு."

"தெரிஞ்சும் கட்ட விட்டியா?"

"நீலக் கயிறு, நீலத்தோட தலைவலி. எனக்கென்னக்கா?"

சித்தி வாசல் சுவருக்குத் திரும்பி நடந்தார். பலகையில் தொங்கிய கயிறுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கைப்பையில் இருந்த நீலத்தையும் சேர்த்து, எல்லாவற்றையும் குப்பைக்கூடையில் போட்டார்.

"ரேடியோவே வாயை மூடிட்டார்னா கோளாறு அவர்கிட்ட இல்ல. சரி, துண்டு எல்லாம் வேன்ல இருக்கு. என்ன பண்ணலாம், சொல்லுங்க."

சித்தி இதுவரை யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை. மெஷின் எண்ணையும் வேலை வரிசையையும் அவரே சொல்லுவார், மற்றவர்கள் செய்வார்கள். இப்போது வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு நின்றார்.

கடைசியில் ரேடியோதான் மெதுவாக ஆரம்பித்தார். "சோப்பு வேண்டாம்க்கா. நல்ல சுடுதண்ணியில ரெண்டு அலசு அலசினா கஞ்சி கரைஞ்சிரும். எல்லா மெஷினும் வேணும்."

"உணவகத்து விரிப்பு நாளைக்குப் போகட்டும். நான் போன்ல பேசிக்கறேன்," என்றார் மிளகாய். "நான் பேசினா அவங்க எதிர்த்துப் பேச மாட்டாங்க."

"அது தெரியும்," என்றார் ரேடியோ. கூடமே சிரித்தது.

"இஸ்திரிக்குச் சட்டைங்க குவிஞ்சு கிடக்கு. அதை யார் பார்க்கிறது?" என்று ஒருவர் கேட்டார்.

"நான் பார்க்கறேன்," என்று சித்தி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

மெஷின்கள் பக்கம் அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாடு, தேய்த்த காலரையே திரும்பத் திரும்பத் தேய்த்ததில் தெரிந்தது. ரேடியோ டிரையரிலிருந்து ஒவ்வொரு துண்டையும் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். மிளகாய் சொரசொரப்பாகப் பட்ட இரண்டைத் திருப்பி எறிந்தார். "இன்னொரு அலசு, நீலம்!"

வெயில் சாயும் முன்பே வேன் ஹோட்டல் வாசலில் நின்றது. கட்டுகள் எல்லாம் ஒரே வெள்ளைக் கயிற்றில். மேடம் ஒரு கட்டை அவிழ்த்து, மேலிருந்த துண்டை முகத்தில் அழுத்தினார்.

"அந்த ஆளை அனுப்பிட்டீங்களா?"

"இதைத் துவைச்சதே அவர்தான்," என்றார் கூட வந்திருந்த சித்தி.

மேடம் துண்டை மடித்து வைத்தார். "ஒரு மாசம் பார்ப்போம்."

அந்த மாதத்தில் ஒரு காலை, துவைக்கும் பக்கமிருந்து ரேடியோவின் அலறல் கேட்டது. "அக்கா! ஹோட்டல் வெள்ளையில ஒரு சிவப்பு சாக்ஸ் போயிருச்சு! நான்தான் பார்க்காம போட்டேன்!" தண்ணீர் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த மெஷின்காரர் பாய்ந்து நிறுத்தினார். மிளகாய் கையை விட்டுச் சாக்ஸை வெளியே இழுத்தார். ஒரு போர்வையின் ஓரம் மட்டும் லேசாகச் சிவந்து, அலசியதும் போய்விட்டது.

சித்தி இஸ்திரி மேசையிலிருந்து நகரவே இல்லை. "முடிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார்.

"முடிஞ்சுதுக்கா. ஆனா காது போச்சு," என்றார் மிளகாய்.

மாதம் முடிந்ததும் மேடம் போன் செய்தார். மூன்றாவது மாடித் துணியையும் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

"கேட்டுச் சொல்றேன் மேடம்," என்று சித்தி போனை வைத்துவிட்டு மெஷின்கள் பக்கம் நடந்தார்.

காலியான பலகையில் இப்போது வேன் சாவி தொங்குகிறது. தினமும் காலையில் நான்தான் அதை எடுக்கிறேன்.