முன்னால் ஓடிய முதுகு

எனக்கு ஓட்டம் அழகாக வரும். நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை, எங்கள் டிரில் மாஸ்டர் சொன்னது. ஜெர்மன் சண்டையில் மெசபடோமியா வரைக்கும் போய்த் திரும்பியவர் அவர். காலை டிரில்லில் பையன்களை வரிசையாக உட்காரவைத்து, என்னை மட்டும் ஓடவிட்டுக் காட்டுவார். "இவனப் பாருங்கடா. நெஞ்சு நிமிந்திருக்குது, முட்டி இடுப்பு வரைக்கும் வருது. ஓடுனா இப்பிடி ஓடோணும்" என்பார். நானும் படம் பிடிக்க நிற்பவனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு ஓடிக் காட்டுவேன். ஆனால் பந்தயம் என்று வந்தால் முதலில் போய்ச் சேருகிறவன் அவன்தான்.

அவன் என் வகுப்பில் படித்தவன், குமாரபாளையத்து நெசவாளர் வீட்டுப் பையன். விடிந்ததும் வீட்டுக் குழித்தறியில் உட்கார்ந்து கொஞ்சம் நெய்து கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் வருவான். அதனால் காலை டிரில்லுக்கு வரவேண்டாம் என்று அவனை மாஸ்டர் விட்டுவிட்டார். நான் சங்ககிரிப் பக்கத்தில் தோட்டங்காடு உள்ளவர் மகன். படிப்புக்காகக் குமாரபாளையத்தில் மாமா வீட்டில் இருந்தேன்.

அவன் ஓடுவதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். வலது தோள் ஒரு பக்கமாகத் தொங்கும். முட்டி மேலே வராது. கால் தரையைத் தேய்த்துக்கொண்டு போகும். தலை மட்டும் ஆடாது. இப்படி ஓடுகிற ஒருவனிடம் ஒவ்வொரு தடவையும் தோற்கிறோமே என்று எனக்கு வயிறு எரியும். அழகாக ஓடுகிறவனிடம் தோற்றிருந்தாலாவது சோறு இறங்கியிருக்கும்.

அடுத்த யுத்தம் வருவதற்கு ஓரிரு வருஷம் முன்னால் அது. சேலத்தில் ஜில்லாப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் சேர்த்து விளையாட்டுப் போட்டி வைத்தார்கள். நானூற்று நாற்பது கெஜ ஓட்டத்துக்குப் பள்ளிக்கு ஒருவன்தான் போகலாம். அந்த ஒருவன் நானாக இருக்க வேண்டும். எனக்கு அப்போது வேறு ஆசையே கிடையாது.

அவனிடம் என்னதான் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவதென்று இறங்கினேன். முதலில் அந்தத் தோளில்தான் சூட்சுமம் என்று தோன்றியது. நானும் வலது தோளை இறக்கிக்கொண்டு ஓடினேன். பழக்கம் வரட்டும் என்று நடக்கும்போதும் உட்காரும்போதும் இறக்கியே வைத்திருந்தேன். அத்தை பார்த்துவிட்டார். "ஏஞ்சாமி, தோளு எறங்கிக் கெடக்குது? எங்கியாச்சும் உழுந்துட்டயா?" என்று கேட்டார். உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் ஆமாம் என்றேன். சுளுக்கு எடுக்கிறவரிடம் இழுத்துக்கொண்டு போனார். ஒன்றுமில்லாத தோளை அவர் விளக்கெண்ணெய் போட்டு நீவி நீவி நிஜமாகவே வலிக்க வைத்துவிட்டார். அதற்கும் சேர்த்து மனசுக்குள் அவனைத்தான் கரித்துக்கொட்டினேன்.

பிறகு காவிரியில் தண்ணீர் வற்றியிருந்த ஒரு சாயங்காலம், ஈர மணலில் இரண்டு பேரும் ஓடினோம். அவன் குளிக்க இறங்கியதும் நான் திரும்பிப் போய்க் காலடிகளைக் குனிந்து பார்த்தேன். என் தடத்தில் குதிகால் குழி குழியாக விழுந்திருந்தது. அவன் தடத்தில் குதிகாலே இல்லை. விரல் பக்கம் ஆழமாகப் பதிந்து, அதற்குப் பின்னால் மணல் ஒரு சிறு வரப்பாகத் தள்ளப்பட்டிருந்தது. நான் மேலே துள்ளிக் கீழே விழுந்துகொண்டிருக்கிறேன், அவன் பூமியைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் போகிறான் என்பது அன்றைக்குப் புரிந்தது.

அந்தக் கால் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்பது அவன் வீட்டில் தெரிந்தது. கணக்குக் கேட்கிற சாக்கில் போயிருந்தேன். அவன் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு நெய்துகொண்டிருந்தான். வலது கை கயிற்றை இழுத்து இழுத்து, நூல் வைத்த நாடாக் கட்டையை இழைகளுக்கு நடுவே ஓடவிட்டது. இடது கை பலகையை வாங்கி இழையை நெருக்கி அடித்தது. கீழே இரண்டு காலும் மாறி மாறி மிதித்தன. தலை மட்டும் இம்மி அசையவில்லை, கண் இழைமேலேயே இருந்தது. மைதானத்தில் பார்த்த அதே தோள், அதே கால், அதே தலை. நானும் உட்கார்ந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். "பாத்து மிதி சாமி, இழ அந்துரும்" என்றார் அவன் அம்மா. சொல்லி முடிப்பதற்குள் நாலைந்து இழை அறுந்துவிட்டது. அவர் முடிச்சுப் போட உட்கார்ந்தார்.

காரணம் தெரிந்தால் பொறாமை தணியும் என்பார்கள். எனக்கு அதிகமாயிற்று. நான் தினமும் வியர்க்க விறுவிறுக்கப் பழகியதை, அவன் உட்கார்ந்த இடத்திலேயே, பழகுகிறோம் என்றே தெரியாமல் பழகிக்கொண்டிருந்தான்.

எதிர்பார்த்தபடியே சேலத்துக்கு அவனைத்தான் எடுத்தார்கள். ஆனால் மாஸ்டருக்கு அவனை அப்படியே கூட்டிப்போக மனம் வரவில்லை. "தொரைமாருங்க பாக்கற எடத்துல இப்பிடியா கோணிக்கிட்டு ஓடுவே? மானம் போயிரும்" என்று ஒரு மூங்கில் கழியை அவன் முதுகுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முழங்கையையும் அதில் மாட்டிக் கட்டி, முட்டியைத் தூக்கி ஓடச் சொன்னார். நாளுக்கு நாள் அவன் தோள் நிமிர்ந்தது, வேகம் போயிற்று. கழியை அவிழ்த்த பிறகும் கால் தடுமாறியது.

ஒரு சாயங்காலம் நான் அவனை ஜெயித்தேன்.

ஓடும்போது என் முன்னால் அவன் முதுகு இல்லை. வெறும் மைதானம்தான் இருந்தது, எங்கே பார்ப்பது என்று எனக்கே தெரியவில்லை. "வெள்ளிக்கெழமைக்குள்ள இவன் தேறலீன்னா நீதான் சேலம் போறே" என்றார் மாஸ்டர். அத்தை கேள்விப்பட்டு அன்றைக்குப் பருப்பும் நெய்யுமாகப் போட்டார். அந்தச் சோறும் இறங்கவில்லை. அவனை ஜெயித்தது நானல்ல, மூங்கில் என்று அந்த ஊரில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் உடம்பை அத்தனை நாள் பார்த்தவன் நான்தானே.

மறுநாள் மாஸ்டரிடம் போய், "சார், கழிய அவுத்துருங்க. அவன் கோணுனாத்தானுங்க வேகம்" என்றேன்.

"கிறுக்காடா உனக்கு? வாய மூடிக்கிட்டு இருந்தா நீ போலாமல்லொ?"

"போனா அவன ஜெயிச்சுட்டுப் போறனுங்க. கட்டிவெச்சு ஜெயிக்க வேண்டாமுங்க."

இதை நல்ல குணம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் பொறாமைக்கும் ஒரு மானம் இருந்தது, அவ்வளவுதான். கழி இல்லாமலேயே ஜெயித்துவிடுவேன் என்று உள்ளூர ஒரு நப்பாசையும் இருந்தது. மாஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே கழியைத் தூக்கி ஓரமாகப் போட்டார். வெள்ளிக்கிழமை இரண்டு பேரையும் ஓடவிட்டார். பாதி வட்டம் வரை கூடவே ஓடினேன். அதற்குமேல் அவன் வலது தோள் மெல்ல இறங்கியது, தலை ஆடாமல் நின்றது, அந்த முதுகு பழையபடி என்னைவிட்டு விலகிப் போய்க்கொண்டே இருந்தது.

அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஓட ஆள் வேண்டுமே என்று என்னையும் சேலத்துக்குக் கூட்டிப் போனார்கள். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நான் நின்றிருந்த இடத்தில், செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரர் ஒருவர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். "அந்தப் பையன் என்னப்பா நொண்டறான்?" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நொண்டலீங்க. முட்டியத் தூக்காம பின்னால தள்றான் பாருங்க" என்று சண்டைக்குப் போகிறவன் மாதிரி சொன்னேன். அவர் பார்ப்பதற்குள் அவன் முதல் ஆளாக முடிவுக் கயிற்றைத் தாண்டிவிட்டான்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவன் கையில் பரிசாக வந்த வெள்ளிக் கிண்ணம் இருந்தது. சங்ககிரி மலை தெரிய ஆரம்பித்தபோது, இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"ஏப்பா, என்ற ஓட்டத்துல என்ன கோளாறு? மறைக்காம சொல்லு."

அவன் நிஜமாகவே யோசித்தான். மூங்கில் விஷயத்தில் நான் பேசியது அவனுக்குத் தெரியும், என்னிடம் உண்மையாக இருக்க வேண்டும் என்று நினைத்திருப்பான்.

"நீ ஓடி நான் பாத்ததே இல்லியே" என்றான். "எப்பவும் பின்னாலதான வருவே. சத்தம் மட்டுந்தான் கேக்கும்."

"ஒருநா நான் முன்னால போனனே."

"அன்னிக்கு எனக்குத் தோள்ல ஒரே வலி. தலையே தூக்கலப்பா."

சொல்லிவிட்டுக் கிண்ணத்தை என் மடியில் வைத்தான். கொஞ்ச நேரத்தில் ஸீட்டுப் பலகையில் சாய்ந்து தூங்கிப்போனான். தூக்கத்திலும் அந்த வலது தோள் இறங்கித்தான் இருந்தது.