பொட்டு வைத்த டிஸ்கெட்

ஞாயிறு காலை 10.20. பிரிக்ஃபீல்ட்ஸில் நண்பர் குமரேசனின் ஃபிளாட். முதலில் கண்ணில் பட்டவை, மானிட்டர் மேல் வரிசையாக இருந்த மூன்று டிஸ்கெட்டுகள். மூன்றிலும் சந்தனம், குங்குமம்.

குமரேசன் ரயில்வேயில் ஓய்வு பெற்ற குமாஸ்தா. அவருடைய பழைய கம்ப்யூட்டர் ஒரு நாளைக்கு இரண்டு முறை அப்படியே நின்றுவிடும். மகள் கல்யாணத்துக்கு அழைக்க வேண்டிய நானூறு பேரின் பெயரும் முகவரியும் அதற்குள்தான். வேறு பிரதி? இல்லை. எழுதி வைத்திருந்த நோட்டு பழைய பேப்பரோடு போய்விட்டது.

உதவிக்கு வந்தவள் அவர் உறவுக்காரப் பெண் மாலதி. சுபாங் ஜெயாவில் கம்ப்யூட்டர் வேலை. லினக்ஸ் என்று கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள் ஒன்று—அதில் ஒரே டிஸ்கெட்டில் அடங்கும் குட்டி ரகங்கள் மூன்றை முதல் நாளே கொடுத்து வைத்திருந்தாள்.

"யாரும்மா இதை விக்கிறா?" என்றேன்.

"யாரும் விக்கல அங்கிள். ஃப்ரீ லா."

ஃப்ரீ! அங்கேயே எனக்குச் சந்தேகம். சும்மா கொடுக்கிறவன் எதற்காகக் கொடுக்கிறான்? லிஸ்ட் அழிந்துபோனால் யாரைப் போய்க் கேட்பது?

"ஹார்ட் டிஸ்க்ல எதையும் மாத்தாது. டிஸ்கெட்ல இருந்தே ஓடும். லிஸ்ட்டைக் காப்பி எடுத்துட்டு வெளிய வந்துரலாம்."

ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பு எழுத என் நோட்டை எடுத்தேன். முதலாவது: தொடங்கியது, ஹார்ட் டிஸ்க்கைக் கண்டுகொள்ளவே இல்லை. 'தேறாது.' இரண்டாவது: பாதியில் நின்றது. 'நம்ப முடியாது.' மூன்றாவது: படிக்க முடியவில்லை என்று திரையிலேயே சொல்லிவிட்டது. 'அதேதான்.'

"பாத்தியா, இலவசத்தோட லட்சணம்!" என்றேன். குமரேசனின் முகம் வெளுத்திருந்தது.

மாலதி மூன்றாவது டிஸ்கெட்டின் தகர மூடியை விரலால் தள்ளினாள். உள்ளே, கறுப்புத் தகட்டின் மேல் சிவப்புத் தூள்.

"அங்கிள்... பொட்டு எங்க வச்சீங்க?" என்று குமரேசனைக் கேட்டாள்.

"லேபிள்ல எழுத்து மறைஞ்சிடும்னு அந்தத் தகரத்துல வச்சேன். புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காம எப்படிம்மா?"

"தள்ளி வேற பாத்தீங்களா?"

"ஒரே ஒரு தடவ..."

"நல்ல வேள, மாலை போடல!"

இரண்டாவதிலும் அதே சிவப்பு. டிரைவைப் பஞ்சால் துடைத்துவிட்டு, பையிலிருந்து மூன்றாவது ரகத்தின் இன்னொரு பிரதியை எடுத்துச் செருகினாள். 11.50-க்கு நானூறு பெயர்களும் ஒரு வெற்று டிஸ்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்தன.

நோட்டில் இரண்டு தீர்ப்புகளை அடித்தேன். முதலாவதை அடிக்கவில்லை. ஓடிய இரண்டில் ஒன்றுகூடப் பக்கத்திலிருந்த பிரின்டரை எட்டிப் பார்க்கவில்லை. அன்றாட வேலைக்கு இவை இன்னும் தயாரில்லை என்பதுதான் இப்போதும் என் கட்சி.

ஆனால்... தினம் இரண்டு முறை நின்றுபோன இயந்திரத்தை நாங்கள் யாராவது சந்தேகப்பட்டோமா? பழகிய முகத்துக்கு விசாரணையே கிடையாது.

செவ்வாய்க்கிழமை குமரேசன் போன் செய்தார். ஹார்ட் டிஸ்க் காலையிலிருந்து எழவே இல்லையாம்.

லிஸ்ட் இருக்கும் டிஸ்கெட் பூஜை அறையில், ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இருக்கிறது. பொட்டு டப்பாவின் மேல்.